புத்தர் வந்த வழியைக் கேளுங்கள்

பழைய பர்மிய மரப் புத்தர்களைச் சேகரிக்கும் நண்பர்களுக்கு,

உங்களைப் போலவே எனக்கும் இந்தச் சிலைகள் மேல் தீராத பற்று. அந்த உரிமையில்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

2025 மார்ச் 28 அன்று மாண்டலே, சகாய்ங் வட்டாரத்தை உலுக்கிய 7.7 அளவு நிலநடுக்கத்தில் 3,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வீடுகளோடு பகோடாக்களும் பிக்கு மடங்களும் பள்ளிவாசல்களும் சரிந்தன. அதற்கு முன்பே, 2021 பிப்ரவரியில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றிய பிறகு, மேல் பர்மாவின் கிராமங்கள் பல உள்நாட்டுப் போரில் எரிந்தன. நாம் ஆசையோடு தேடும் மரப் புத்தர்களில் பெரும்பாலானவை பிறந்த மண் அதுதான். காவல் இல்லாத மடமும் வேறு வழியில்லாத குடும்பமும் எங்கே இருக்கின்றனவோ, அங்கே தரகன் வந்து சேர்வான். கம்போடியாவில் இது நடந்தது. ஈராக்கிலும் சிரியாவிலும் நடந்தது. பர்மாவில் மட்டும் நடக்காது என்று நம்புவதற்கு எந்தக் காரணமும் இல்லை.

எனவே சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த இடத்திலிருந்து, யார் கை வழியாக, எந்தக் காலத்தில் வெளியே வந்தது என்று தெரியாத புத்தரை வாங்காதீர்கள். எவ்வளவு அழகாக இருந்தாலும் வாங்காதீர்கள்.

அந்த அழகை நான் குறைத்து மதிப்பிடவில்லை. பகான் நகரின் ஆனந்தா கோயிலுக்குள் நுழைந்தால் நான்கு திசைக்கும் ஒன்றாக, 31 அடி உயரத்தில், பொன் பூசிய நான்கு நின்ற புத்தர்களைப் பார்க்கலாம். எல்லாம் தேக்கு. வடக்கிலும் தெற்கிலும் இருப்பவை பழையவை. மற்ற இரண்டும் தீயில் அழிந்த பிறகு செய்து நிறுத்தியவை. தெற்குப் புத்தரின் காலடியில் நின்று அண்ணாந்தால் முகம் இறுக்கமாகத் தெரியும். பின்வாங்கிக்கொண்டே வந்தால் அதே முகத்தில் புன்னகை அரும்பும். மரத்தில் அந்த வித்தையைச் செய்தவர்களின் பரம்பரைதான் பின்னால் வந்த சிற்பிகளும். மரவேலை அங்கே "பத்துப் பூக்கள்" என்று எண்ணப்படும் மரபுக் கலைகளில் ஒன்று.

மரம் கல்லைப் போல நிலைப்பதில்லை. நெருப்பு, கறையான், மழை எல்லாம் தப்பிச் சந்தைக்கு வருபவை பெரும்பாலும் 18, 19ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. 1752 முதல் 1885 வரை ஆண்ட கொன்பாங் அரசர்களின் காலத்தவை, அல்லது அதற்குச் சற்றுப் பிந்தியவை. ஷான் மலைநாட்டுப் புத்தருக்கு முக்கோணம் போலக் குறுகிய முகம், ஒடுங்கிய தாடை, உச்சியில் தாமரை மொட்டாக நீண்டு எழும் முடி. 1857-இல் மிண்டோன் மன்னர் மாண்டலேயைத் தலைநகராக நிறுவிய பிறகு வேறொரு பாணி ஓங்கியது. முகம் உருண்டது. நெற்றியைச் சுற்றி அகலமான பட்டை வந்தது. துவராடை உண்மைத் துணி போல மடிந்து மடிந்து விழுந்தது. நின்ற கோலத்தில் இரு கைகளாலும் ஆடையின் ஓரத்தை இலேசாக விரித்துப் பிடித்திருப்பார். வலது கை விரல்களுக்கிடையில் சிறு உருண்டை ஒன்று இருந்தால் அது கடுக்காய். பிணி தீர்க்கும் மருந்தை ஏந்தி நிற்கிறார் என்று பொருள். இவை தவிர, செருக்குற்ற அரசன் ஜம்புபதியை அடக்கப் பேரரசராகவே உருக்கொண்ட கதையைச் சொல்லும் மகுடம் தரித்த புத்தர்களும் உண்டு.

மாண்டலே பாணியில் அமர்ந்த புத்தர் ஒருவரை மேசைமேல் வைத்து, நல்ல வெளிச்சத்தில் பார்ப்போம். வலது கை முழங்காலைத் தாண்டி இறங்கி நிலத்தைத் தொடுகிறது. பர்மாவில் மிகுதியாகக் காணப்படும் முத்திரை அதுதான். மரம் தேக்காக இருக்கலாம். குமிழாகவும் இருக்கலாம், எடை குறைந்த, உளிக்கு எளிதில் இணங்கும் குமிழ மரத்தில் பர்மியர்கள் சிலையும் செதுக்குவார்கள், பொம்மலாட்டப் பாவையும் செய்வார்கள். ஆடையின் விளிம்பில் நூல் போல ஓடும் புடைப்புகளைத் தடவிப் பாருங்கள். அவை உளியால் வந்தவை அல்ல. காட்டு மரம் ஒன்றைக் கீறி வடிக்கும் கரிய பாலைச் சாம்பலோடு பிசைந்து, மாவு போலத் திரட்டி, கையால் கயிறாக உருட்டி ஒட்டியவை. அந்தப் பிசினைப் பர்மியர்கள் "திட்சி" என்பார்கள். சாம்பல் கலந்த மாவு "தயோ". ஈரம் இருக்கும்போதே ரசம் பூசிய கண்ணாடிச் சில்லுகளை அதில் பதிப்பார்கள். மேலே சிவப்புப் பூச்சு, அதன் மேல் மறுபடி பிசின், அது முழுதும் காயுமுன் தங்க ரேக்கு. பொன் தேய்ந்த இடத்தில் எட்டிப் பார்க்கும் சிவப்பு அப்படி வந்ததுதான்.

இப்போது சிலையைத் திருப்புங்கள். பீடத்தின் பின்பக்கத்திலோ அடிவிளிம்பிலோ வட்ட வட்டமாகப் பர்மிய எழுத்து ஓடுகிறதா என்று பாருங்கள். எல்லாச் சிலையிலும் இருக்காது. இருந்தால் அதைவிட மதிப்புள்ள பகுதி அந்தச் சிலையில் வேறில்லை. இன்ன ஊரைச் சேர்ந்த இன்ன கணவனும் மனைவியும் இந்த உருவைச் செய்து வைத்தார்கள், இதன் பயனாக நிர்வாணம் கிட்டட்டும், இந்தப் புண்ணியத்தில் எல்லா உயிர்க்கும் பங்கு உண்டு, தேவரும் மனிதரும் சாது சாது என்று வாழ்த்தட்டும் என்கிற வகையில் அது அமையும். கூடவே பர்மிய ஆண்டு இருக்கும். அதனோடு 638-ஐக் கூட்டினால் நம் கணக்கு வரும். 1247 என்று இருந்தால் 1885 ஏப்ரலில் தொடங்கிய ஆண்டு. அந்த ஆண்டு நவம்பரில்தான் ஆங்கிலேயர் மாண்டலேயைப் பிடித்து, திபோ மன்னரைக் கப்பலேற்றிச் சென்னைக்குக் கொண்டுவந்து சில மாதம் வைத்திருந்து, பிறகு இரத்தினகிரிக்கு அனுப்பினார்கள். நாடு பறிபோன ஆண்டிலும் ஒரு தம்பதி காசு சேர்த்துப் புத்தரைச் செய்து வைத்திருக்கக்கூடும். அவர்கள் அதை விற்பதற்காகச் செய்யவில்லை. யாரோ ஒரு நாள் அதை இடத்தைவிட்டு எடுத்திருக்கிறார்கள். யார், எப்போது, என்ன உரிமையில் என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

கேட்காமல் வாங்குவது ஏன் தவறு என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. செதுக்கி முடித்தவுடன் அந்த உரு வழிபாட்டுக்கு உரியதாகிவிடாது. பிக்குகள் கூடி, புத்தர் ஞானம் பெற்றபோது உரைத்ததாக மரபு சொல்லும், தம்மபதத்தில் உள்ள இரண்டு பாடல்களை ஓதி, அதை நிறுவுகிற சடங்கு நடக்க வேண்டும். அதன் பிறகு அது பர்மியருக்கு மரம் இல்லை. மக்கள் அதன் முன்னே மண்டியிடுகிறார்கள், நீர் வைக்கிறார்கள், பூ வைக்கிறார்கள், கையில் பணம் சேரும்போது ரேக்கு வாங்கி ஒட்டுகிறார்கள். இன்லே ஏரியின் பௌங்தோ ஊ பகோடாவில் உள்ள ஐந்து திருவுருவங்கள் தலைமுறை தலைமுறையாக ரேக்கு ஒட்டப்பட்டு, முகம் கை எதுவும் தெரியாத பொன் திரளைகளாகவே ஆகிவிட்டன. ஒரு சமூகத்தின் கை பட்டுக்கொண்டே இருக்கும் பொருள் அது. கருவறையில் இருக்கும் மூர்த்திக்கும் அருங்காட்சியகப் பெட்டியில் இருக்கும் மூர்த்திக்கும் உள்ள வேறுபாட்டை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

தமிழர்களான நமக்கு இதில் கூடுதல் பொறுப்பு இருக்கிறது. மண்ணுக்கடியிலிருந்து கிடைத்துத் திருட்டுத்தனமாக இலண்டன் போன பத்தூர் நடராசர், நீதிமன்றத்தில் வழக்காடி 1991-இல் ஊர் திரும்பினார். அரியலூர் மாவட்டத்துச் சிறீபுரந்தான் கோயிலில் திருடுபோன நடராசரை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008-இல் சுமார் 50 இலட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து வாங்கியது. விற்றவர் கொடுத்த தாள்கள் பொய். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் பழைய புகைப்படம் உண்மையைக் காட்டிக்கொடுத்தது. 2014-இல் அந்த நடராசர் திரும்பி வந்தபோது மகிழ்ந்த நாம், பர்மியக் கிராமத்தான் ஒருவன் தன் புத்தரைத் தேடும்போது வேறு நியாயம் பேச முடியாது.

பகானும் நமக்கு அந்நிய ஊர் இல்லை. அங்கே கிடைத்த 13ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று, மலைமண்டலத்து (இன்றைய கேரளத்து) வணிகர் ஒருவர் நானாதேசி விண்ணகரம் என்னும் திருமால் கோயிலுக்கு மண்டபமும் கதவும் விளக்கும் கொடுத்ததைப் பதிவு செய்கிறது. கடல் கடந்து போனவர்கள் அந்த ஊரில் கொடையாளிகளாக இருந்த கதை அது. 1899-இல் தொமான் என்ற ஜெர்மானியர் அதே பகானில் கோயில் சுவர்களிலிருந்து ஓவியங்களை அறுத்து எடுத்தார். மாண்டலே அரண்மனையிலிருந்து ஆங்கிலேயர் கொண்டுபோன அரச அணிகலன்கள் 1964-இல்தான் பர்மாவுக்குத் திரும்பின. கொடுத்தவர் வரிசை ஒன்று, எடுத்தவர் வரிசை ஒன்று. நாம் எதில் நிற்கிறோம் என்பதை ஒவ்வொரு முறை வாங்கும்போதும் முடிவு செய்கிறோம்.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. மியன்மாரின் 2015ஆம் ஆண்டுச் சட்டப்படி 100 ஆண்டுகள் கடந்தவை தொல்பொருள்; அனுமதியின்றி நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோவது குற்றம். களவுபோன பண்பாட்டுப் பொருள்களைப் பற்றிய 1970ஆம் ஆண்டு யுனெஸ்கோ உடன்படிக்கையில் இந்தியா 1977-லும் மியன்மார் 2013-லும் இணைந்தன. தாய்லாந்தில் வாங்கினாலும், புத்தர் சிலைகளை வெளியே கொண்டுவர அந்த நாட்டின் நுண்கலைத் துறை அனுமதி தேவை. இந்தியாவுக்குள் வந்த பிறகு நம்முடைய 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டமும் இருக்கிறது. எல்லை தாண்டி வந்தது, பல கை மாறிவிட்டது, இனி யார் கேட்கப் போகிறார்கள் என்று கடைக்காரர் சொன்னால், அந்தப் பேச்சையே எச்சரிக்கையாக எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.

அப்படியானால் எதைக் கேட்க வேண்டும்? பழைய விற்பனை ரசீது, ஏல விவரப்பட்டியலின் பக்கம், ஏற்றுமதி அனுமதி, கப்பல் சரக்குச் சீட்டு, குடும்பக் கடிதம், சிலை பின்னணியில் தெரியும் பழைய வீட்டுப் புகைப்படம். இவற்றில் எது இருந்தாலும் அசலைக் காட்டச் சொல்லுங்கள். நம் ஊரில் ஒரு கதை அடிக்கடி காதில் விழும்: "செட்டியார் வீட்டில் இருந்தது சார், ரங்கூனிலிருந்து கொண்டு வந்தது." நகரத்தார் பர்மாவில் பெரும் தொழில் செய்தது உண்மை. செட்டிநாட்டு வீடுகளின் தூண்களில் பர்மியத் தேக்கும், உக்கிராண அறைகளில் பர்மிய அரக்குப் பாத்திரங்களும் இருப்பதும் உண்மை. 1942-இல் போருக்கு அஞ்சி நடந்தே வந்தவர்களுக்கும், 1960-களில் துரத்தப்பட்டு வந்தவர்களுக்கும் கையில் எதைக் கொண்டுவர முடிந்தது என்பதும் நமக்குத் தெரியும். ஆகவே அந்தக் கதை மட்டும் போதாது. எந்த ஊர், எந்த வீடு, எந்த ஆண்டு, வீட்டார் யாராவது சொல்லத் தயாரா என்று கேளுங்கள். உண்மையான வழி இருந்தால் அதற்கு ஏதாவது தடம் இருக்கும்.

தாள் சரியாக இருந்தாலும் சிலை சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பழசு போலக் காட்டிச் செய்பவை ஏராளம். வைரம் பாய்ந்த தேக்கை வண்டும் கறையானும் எளிதில் தொடாது. உடலெங்கும் ஒரே சீராக உளுத் துளைகள் இருந்தால் சந்தேகப்படுங்கள். பூச்சி நேர்கோட்டில் துளைக்காது. துளைக்குள் மெல்லிய கம்பியை விட்டுப் பார்த்தால் வளைந்து போவது பூச்சி வழி, நேராக இறங்குவது துளைக்கருவி. பொன் எங்கே தேய்ந்திருக்கிறது என்று கவனியுங்கள். தொட்டு வணங்கும் முழங்காலும் தூக்கிப் பிடிக்கும் விளிம்பும் தேய்ந்து, எட்டாத மடிப்புக்குள் பொன் பழையபடி இருந்தால் அது இயல்பு. எல்லா இடத்திலும் அளவெடுத்தது போலத் தேய்ந்திருந்தால் உப்புத்தாள் பட்டிருக்கிறது. மெழுகுவர்த்திப் புகை மேல் நோக்கிய பரப்பிலும் குழிவிலும் படியும். சாயப் பூச்சு வேண்டாத இடத்திலும் வழிந்திருக்கும். அதே நேரம், பொன் புதிதாக இருக்கிறது என்பதற்காக மட்டும் போலி என்று தள்ளிவிடாதீர்கள். பழைய புத்தருக்குப் புதிய ரேக்கு ஒட்டுவது பக்தர்களின் வழக்கம்.

இனி, ஏற்கெனவே முறையாக வாங்கி வீட்டில் வைத்திருப்பவர்களுக்கு. பொன்னையும் பிசினையும் சுரண்டி மரத்தின் வரிகளைக் காட்ட வேண்டாம். வரவேற்பறைக்கு அது அழகாகத் தெரியலாம். ஆனால் சுரண்டி எடுப்பது சிலையின் வரலாற்றையும் அதற்கு ரேக்கு வாங்கி ஒட்டியவர்களின் உழைப்பையும்தான். ஈரத்துணி, எண்ணெய், மெருகெண்ணெய் எதுவும் கூடாது. மென்மையான தூரிகையால் தூசு தட்டினால் போதும். பகலில் ஏசி, இரவில் புழுக்கம் என்று மாறி மாறி இருக்கும் அறையில் மரம் விரியும், சுருங்கும். பூச்சு அதோடு சேர்ந்து நகராமல் செதில் செதிலாக எழும்பும். வெயில் படாத, ஈரப்பதம் அதிகம் மாறாத இடம் தேடுங்கள். அடியில் மெல்லிய மரத்தூள் உதிர்ந்திருந்தால் பூச்சிமருந்து அடிக்காமல், மரப்பொருள் பாதுகாப்பு தெரிந்தவரிடம் காட்டுங்கள். வைக்கும் இடம் கால் படும் தரையாகவோ செருப்பு கழற்றும் வாசலாகவோ இருக்கக் கூடாது. குளியலறை அலங்காரமாகப் புத்தரை வைப்பதைப் பர்மியர் ஒருவர் கண்டால் எவ்வளவு புண்படுவார் என்று எண்ணிப் பாருங்கள்.

எழுத்துள்ள பீடம் உங்களிடம் இருந்தால் அதைத் தெளிவாகப் படமெடுத்து, பர்மிய மொழி படிக்கத் தெரிந்தவரிடம் கொடுத்துப் படித்து, ஊர்ப் பெயரையும் ஆண்டையும் எழுதி வையுங்கள். எங்கே, யாரிடம், எப்போது வாங்கினீர்கள் என்பதையும் அதோடு சேருங்கள். உங்களுக்குப் பிறகு பிள்ளைகள் கையில் சிலை மட்டும் போய், இந்தத் தகவல் போகாவிட்டால், முறையாக வந்த சிலையும் வழி தெரியாத சிலையாகிவிடும். படித்த எழுத்தில் உள்ள ஊரில் அந்த மடம் இன்றும் இருக்கிறது, சிலை அங்கிருந்து களவு போனது என்று தெரியவந்தால், அடுத்துச் செய்ய வேண்டியதில் எனக்கு ஐயமே இல்லை. அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். போர் நடக்கும் நாட்டுக்கு உடனே அனுப்ப முடியாமல் இருக்கலாம். அதுவரை நாம் காப்பாளர்கள், உடைமையாளர்கள் இல்லை.

பழையதுதான் வேண்டும் என்ற பிடிவாதத்தையும் கொஞ்சம் தளர்த்துங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். மாண்டலேயில் மகாமுனி கோயிலைச் சுற்றிய தெருக்களில் புத்தரைச் செதுக்குகிறவர்கள் பரம்பரையாக வேலை செய்துவருகிறார்கள். அதே நகரில் பொற்கொல்லர்கள் தங்கத்தைச் சம்மட்டியால் அடித்து அடித்து ரேக்காக்குகிறார்கள். நிலநடுக்கத்தில் அடிபட்ட நகரம் அது. இன்று செய்த புத்தரை, இன்று செய்தது என்று சொல்லியே விற்கும் ஒரு சிற்பியிடம் வாங்கினால் உங்களுக்கு நல்ல சிலை கிடைக்கும். அவருக்கு அடுத்த மாதத்துக்கு வேலை கிடைக்கும். எந்த மடமும் காலியாகாது. நூறாண்டு கழித்து அதுவும் பழைய சிலைதான். அதன் வழி முழுதும் எழுதப்பட்ட பழைய சிலை.

வாங்குபவர் இல்லாமல் திருடுபவர் இல்லை. கடைக்காரரிடம் நாம் கேட்கும் கேள்வி அவர் வழியாகத் தரகனிடம் போகும், தரகன் வழியாக மடத்தின் வாசலில் நிற்பவனிடம் போகும். கேட்காமல் கொடுக்கும் பணமும் அதே வழியில்தான் போகிறது. அடுத்த முறை ஒரு மரப் புத்தர் உங்கள் மனத்தைப் பறிக்கும்போது, விலையைக் கேட்கும் முன்பு வந்த வழியைக் கேளுங்கள். பதில் வராவிட்டால் கைகூப்பி வணங்கிவிட்டு, வாங்காமல் திரும்புங்கள்.

அன்புடன்,
உங்களைப் போல் சேகரிக்கும் ஒருவன்